ரேம் விலை ஏற்றம்: வீட்டில் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்பவர்கள் எந்த மதர்போர்டு வாங்கலாம்?

தாராவியில் இருந்து மாஹிம் ஸ்டேஷனுக்கு நடந்து, ஸ்லோ லோக்கல் பிடித்து கிராண்ட் ரோட்டில் இறங்கினால், கொஞ்ச தூரத்தில் லேமிங்டன் ரோடு. மாட்டுங்காவோ செம்பூரோ, சொந்தமாக கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்ய நினைக்கும் மும்பைக்காரர்கள் விலை விசாரிக்கப் போகும் தெரு அது. முன்பெல்லாம் பிராசஸர், மதர்போர்டு என்று பட்டியல் போட்டுவிட்டு, மிச்சப் பணத்தில் ரேம் வாங்குவார்கள். இப்போது கணக்கு தலைகீழ். ரேமுக்கு எவ்வளவு என்று முடிவு செய்த பிறகுதான் மதர்போர்டையே யோசிக்க வேண்டியிருக்கிறது.

ஏன் இந்த விலை?

உலகின் மெமரி சிப்களில் பெரும்பகுதியைத் தயாரிப்பவை சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் ஆகிய மூன்று நிறுவனங்கள். ஏஐ டேட்டா சென்டர்களுக்கான ஹெச்பிஎம் மெமரியில் லாபம் அதிகம் என்பதால், உற்பத்தி அந்தப் பக்கம் திரும்பியது. அதே அளவு டிடிஆர்5 மெமரியைவிட, ஹெச்பிஎம் தயாரிக்க சுமார் மூன்று மடங்கு சிலிக்கான் தேவை. அப்போ நமக்கு மிஞ்சுவது குறையத்தானே செய்யும்?

விளைவு, 2025-ன் நடுவில் இருந்த டிடிஆர்5 விலை, ஆண்டு முடிவதற்குள் இரண்டு மடங்கைத் தாண்டியது. 2025 டிசம்பர் 3 அன்று, சில்லறை வாடிக்கையாளர்களுக்கான தனது 'குருஷியல்' வணிகத்தில் இருந்தே விலகுவதாக மைக்ரான் அறிவித்தது.

குஜராத்தின் சானந்தில் மைக்ரான் ஆலை இருக்கிறதே என்று கேட்கலாம். 2023-ல் அறிவிக்கப்பட்ட அந்த ஆலை, வெளிநாட்டில் தயாரான சிப்களை பேக் செய்து, பரிசோதிக்கும் இடம். அதனால் உள்ளூர் விலை தனியாகக் குறையும் என்று எதிர்பார்க்க முடியாது.

டிடிஆர்4-ஆ, டிடிஆர்5-ஆ?

ஒன்றுக்கான ஸ்லாட்டில் மற்றது பொருந்தாது. எனவே போர்டு வாங்கும்போதே மெமரியும் முடிவாகிவிடுகிறது.

ஏஎம்டியின் ஏஎம்4 போர்டுகளில் டிடிஆர்4 மட்டும். ஏஎம்5-ல் டிடிஆர்5 மட்டும். இன்டெலின் 12, 13, 14-ம் தலைமுறை பிராசஸர்களுக்கான எல்ஜிஏ 1700 போர்டுகள் இரண்டு வகையிலும் உண்டு. பெட்டியில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

ஏற்கெனவே டிடிஆர்4 ரேம் வைத்திருப்பவர்கள் அதைத் தூக்கிப் போட வேண்டாம். பி450, பி550 போர்டு இருந்தால், பயாஸ் அப்டேட் செய்து ரைசன் 5000 வரிசை பிராசஸரைப் போடலாம். ரேம் செலவே இல்லை. ஆனால் எல்லாமே புதிதாக வாங்குபவர்களுக்கு டிடிஆர்4 மலிவான குறுக்குவழி அல்ல; அதன் உற்பத்தி குறைந்து, விலையும் ஏறிவிட்டது. அவர்களுக்கு ஏஎம்5 பொருத்தம். 2027 வரையாவது அந்த சாக்கெட்டுக்கு ஆதரவு உண்டு என ஏஎம்டி சொல்லியிருக்கிறது.

எத்தனை ஜிபி?

ஆபீஸ் வேலை, கோடிங் கற்பது என்றால் 16 ஜிபி போதும். வீடியோ எடிட்டிங்கில் சம்பாதிப்பவருக்கு 32 ஜிபி தேவைப்படும்.

கையில் பணம் குறைவா? இரண்டு 8 ஜிபிக்குப் பதில் ஒரே 16 ஜிபி ரேம் வாங்கி, பிறகு அதே மாடலில் இன்னொன்று சேர்க்கலாம். அதுவரை வேகம் கொஞ்சம் குறையும். தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாதவர்களுக்கு இந்த இழப்பு நன்றாகவே தெரியும் என்பதால், அவர்கள் ஜோடியாக வாங்குவதே நல்லது. நான்கு ஸ்லாட் போர்டில் ஜோடியை, பெரும்பாலும் பிராசஸரில் இருந்து எண்ணி 2, 4-வது ஸ்லாட்டில் போட வேண்டும். பிறகு பயாஸில் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போவை ஆன் செய்யாவிட்டால், காசு கொடுத்த வேகம் கிடைக்காது.

செகண்ட் ஹேண்ட் ரேம் என்றால், மெம்டெஸ்ட்86-ஐ ஓர் இரவு முழுக்க ஓடவிட்டுப் பாருங்கள். புதிதென்றால் ஜிஎஸ்டி பில் இல்லாமல் கடையை விட்டு இறங்காதீர்கள். வாரண்டி கேட்கும்போது அதுதான் கைகொடுக்கும்.

காத்திருக்கலாமா?

புதிய சிப் ஆலை கட்டி உற்பத்தி தொடங்கப் பல ஆண்டுகள் பிடிக்கும். அதனால் அடுத்த தீபாவளி ஆஃபரை நம்பி, வருமானம் தரும் வேலையைத் தள்ளிப்போட வேண்டாம். கேமுக்காக மட்டும்தான் என்றால், பழைய மெஷினை இன்னும் கொஞ்ச நாள் ஓட்டலாம்.