சீட்டு வாங்குமுன் சிந்திப்போம்

பட்டம் பெறுமுன் ஒருமுறை பெரு நாட்டுக்குப் போய்வர வேண்டும் என்று பல்கலைக்கழக நண்பர்கள் சிலர் ஆசைப்படுகின்றனர். ஆசை நல்லதே. ஆனால், ஆயத்தமின்றிப் புறப்படுவது துணிச்சல் ஆகாது என்பது என் கருத்து.

குஸ்கோ நகரம் ஏறத்தாழ 3,400 மீட்டர் உயரத்தில் உள்ளது. கடலோர லீமாவிலிருந்து விமானத்தில் நேரே அங்கு இறங்கினால் தலைவலியும் குமட்டலும் வரலாம். முதல் இரண்டு நாள்களைத் தாழ்வான பள்ளத்தாக்கில் கழித்துவிட்டு ஏறுவதே அறிவுடைமை.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைப் புறப்படுவதற்குக் குறைந்தது 10 நாள்களுக்கு முன்பே போட்டுக்கொள்ள வேண்டும். காட்டுப் பக்கம் போகாதவருக்கும், பெருவிலிருந்து மலேசியா திரும்பும்போது அதன் சான்றிதழ் தேவை. அங்கே கடைகளில் விற்கும் கோக்கா இலை இங்கே 1952-ஆம் ஆண்டு அபாயகரப் போதைப்பொருள் சட்டத்தில் அடங்கும். அன்பளிப்பாகக்கூடக் கொண்டுவரக் கூடாது.

இவை நம் நலனுக்கு. பிறர் நலன்? இன்கா மலைப்பாதையில் நம் மூட்டையைச் சுமப்பவரும் மனிதரே. 2001-இல் பெரு இயற்றிய சட்டம் அவர் சுமைக்கு 20 கிலோ வரம்பு வைத்தது. மலிவான பயண நிறுவனத்தைத் தேடும் நாம், அந்த வரம்பு காக்கப்படுகிறதா, கூலி எவ்வளவு என்றும் கேட்க வேண்டாமா? தோழர்களே, நாம் மிச்சம் பிடிக்கும் காசு அவர் கூலியில் குறைந்த காசாக இருக்கக் கூடாது.