அரிவாளோடு வரும் வைத்தியர்கள்

மரத்தை வெட்டிச் சாய்க்கிறவனைப் பற்றி நான் எழுத வரவில்லை. அவனை ஊருக்குத் தெரியும், சட்டத்துக்கும் தெரியும். மலைப் பிரதேசத்து மரங்களைக் காப்பதற்கென்று இந்த மாநிலத்தில் 1955-லேயே ஒரு சட்டம் வந்தாகிவிட்டது. என் புகார் வேறொரு ஆசாமியைப் பற்றியது. அவர் மரத்தின் மேல் மிகுந்த பிரியம் உள்ளவர். "கொஞ்சம் கழித்துவிட்டால் திடமாகத் துளிர்க்கும்" என்று சொல்லி, ஆளை ஏற்றி, ஐம்பது அறுபது வருஷத்து மரத்தின் தலையை ஒரே முற்பகலில் வாங்கிவிட்டு, சாயங்காலம் அதன் அடியிலேயே நாற்காலி போட்டுக் காப்பி குடிப்பவர். வெட்டுகிறவன் கையில் மரம் ஒரு நாளில் சாகிறது. இவர் கையில் அது பத்து வருஷம் செத்துக்கொண்டே இருக்கிறது.

ஏற்காட்டிலிருந்து கொட்டச்சேடு வழியாகக் குப்பனூருக்கு இறங்கும் மலைப்பாதையில் போனவர்களுக்கு நான் சொல்வது எளிதில் விளங்கும். காப்பித் தோட்டங்கள், அவற்றுக்கு நிழலாகச் சில்வர் ஓக், அடிமரத்தைப் பற்றி ஏறிய மிளகுக் கொடி, இடையிடையே பலா, கொட்டச்சேட்டில் தேக்கு என்று மரத்தை நம்பியே பிழைக்கும் மலை அது. சேலத்தில் கலெக்டராக இருந்த காக்பர்ன் என்ற வெள்ளைக்காரர் 1820-களில் இந்த மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்தார். அன்று முதல் காப்பிச் செடிக்குக் கவாத்து என்றால், நிழல் மரத்துக்கும் ஒரு கழிப்பு உண்டு. தோட்டத்து ஆள் மரத்தின் மேலே ஏறி, எந்தக் கிளை போனால் செடிக்கு வெளிச்சம் விழும், எந்தக் கிளை இருந்தால் கோடையில் செடி கருகாது என்று பார்த்து, அளந்து வெட்டுகிறான். தலையில் கை வைப்பதில்லை. காரணம், அவன் மகான் என்பதில்லை. மரம் போனால் நிழல் போகும். நிழல் போனால் காப்பி போகும். அது தோட்டத்து முதலாளியின் கணக்கில் நஷ்டமாக ஏறும். தோட்டக்காரர்களும் தர்மவான்கள் அல்லர். நாட்டு மரங்கள் நின்ற இடத்தில் சீக்கிரம் வளர்ந்து விலைபோகும் ஆஸ்திரேலியச் சில்வர் ஓக்கை வரிசையாக நட்டவர்களும் அவர்கள்தாம். ஆனாலும் வேலிக்குள் இருக்கும் மரத்துக்கு ஒரு பாதுகாப்பு இருக்கிறது. அது செத்தால் அழுவதற்கு ஒருவன் உண்டு.

வேலிக்கு வெளியே இருக்கும் மரத்துக்கு அந்தப் பாக்கியம் இல்லை. பாதையோரத்து மரம், பள்ளிக்கூடத்து மரம், மலையில் ஓய்வுக்கென்று வாங்கிப் போட்ட பங்களாவின் மரம், இவையெல்லாம் அநாதைகள். பங்களாக்காரருக்குப் பள்ளத்தாக்குக் காட்சி வேண்டும், மரம் மறைக்கிறது. விடுதிக்காரருக்கு வண்டி நிறுத்த இடம் வேண்டும், வேர் இடிக்கிறது. கழிக்க வரும் ஆளுக்கோ பல இடங்களில் விறகுதான் கூலி. இதைச் சற்று யோசித்துப் பாருங்கள். வெட்டிய கட்டையே கூலி என்றால் அரிவாள் எந்த இடத்தில் நிற்கும்? தலைமுடியை எடை போட்டு எடுத்துக்கொள்ளலாம் என்று நாவிதரிடம் சொல்லிவிட்டு நாற்காலியில் உட்காருவோமா?

தலையை வெட்டினால் மரம் துளிர்க்கத்தான் துளிர்க்கிறது. அதைப் பார்த்துத்தான் நம் மனிதர்கள் ஏமாறுகிறார்கள். இலைதான் மரத்தின் அடுப்பு. அடுப்பைப் பிடுங்கிவிட்டால், குதிரில் வைத்திருந்த நெல்லையெல்லாம் செலவழித்துப் புது அடுப்புப் போடுகிறது மரம். நாம் பார்ப்பது ஆரோக்கியத்தை அல்ல, பஞ்சகாலத்துச் செலவை. அந்தப் புதுத் துளிர்கள் பட்டையை ஒட்டி மேலோட்டமாகப் பிறந்தவை. பழைய கிளையைப் போல மரத்தின் உள்ளே ஆழப் பதிந்தவை அல்ல. நாலைந்து வருஷத்தில் அவை கனத்து நிற்கும்போது, கீழே வெட்டுவாய் அழுகிக்கொண்டிருக்கும். அப்போது ஒரு காற்று வந்தால் முறிந்து விழுவது அந்தக் கிளைகள்தாம். ஆபத்து என்று சொல்லி வெட்டினவர் ஆபத்தை விதைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

அமெரிக்க வனத்துறையில் வேலை பார்த்த அலெக்ஸ் ஷைகோ என்பவர் ஆயிரக்கணக்கான மரங்களை நெடுக்காகப் பிளந்து பார்த்து, 1977-ல் ஒரு விஷயத்தை விளக்கி எழுதினார். மனிதனுக்குப் புண் ஆறுவதுபோல மரத்துக்கு ஆறுவதில்லை. காயம் பட்ட பாகத்தை உள்ளேயே சுவர் எழுப்பி அடைத்துவிட்டு, அதற்கு வெளியே புதிதாக வளர்ந்துகொள்கிறது. கிளை அடிமரத்தோடு சேரும் இடத்தில் ஒரு புடைப்பு இருக்கிறதே, அதுதான் அந்தச் சுவருக்கு அஸ்திவாரம். அதற்கு வெளியே வெட்டினால் மரம் தன் காயத்தை மூடிக்கொள்ளும். அழகாக இருக்கட்டும் என்று அதையும் சேர்த்து வழவழப்பாகச் சீவினால், அழுகலுக்குக் கதவைத் திறந்துவிட்ட மாதிரி. மேலே தார் பூசுவதும் பெயிண்ட் அடிப்பதும் பார்க்கிறவருக்குத் திருப்தி. மரத்துக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை.

ஏறத்தாழ 5,000 அடி உயரத்தில் இருக்கும் ஏற்காட்டுப் பக்கத்தில் இந்தத் தவறுக்குத் தண்டனை இன்னும் கடுமை. மழையும் மூடுபனியும் மாறி மாறி வருகிற மலையில் வெட்டுவாய் ஈரம் காய்வதே இல்லை. காளானுக்கு அதைவிடச் சுகமான ஜாகை வேறு ஏது? வயதான மரம் மெதுவாகத்தான் வளரும். காயத்தை மூடுவதும் மெதுவாகத்தான். அதற்குள் காளான் குடும்பம் நடத்தத் தொடங்கிவிடும்.

வேருக்குச் செய்யும் சேவை இன்னொரு கதை. வேர் பாதாளத்துக்குப் போகிறது என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். பெரும்பாலான வேர்கள் மேல்மண்ணின் இரண்டடிக்குள்தான், கிளைகளின் பரப்பையும் தாண்டி ஓடுகின்றன. அந்த மண்ணின் மேல் சிமெண்ட் மேடை கட்டி, "மரத்துக்கு மரியாதை செய்திருக்கிறோம்" என்கிறார்கள். மூச்சு முட்ட வைப்பது என்ன மரியாதை? தில்லியில் மரத்தைச் சுற்றி 1 மீட்டருக்குள் இருக்கும் சிமெண்டைப் பெயர்த்தெடுக்கும்படி தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013-ல் உத்தரவிட வேண்டி வந்தது. குழாய்க்கும் பாதைக்கும் சரிவின் ஒரு பக்கம் தோண்டி வேரை அறுத்தால், மறுபக்கம் அந்த மரம் எதைப் பிடித்துக்கொண்டு நிற்கும்?

"மனித உயிரைவிட மரம் பெரிதா?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. கொழும்பில் கொள்ளுப்பிட்டியில் 2023 அக்டோபரில் ஒரு மரம் பஸ்ஸின் மேல் விழுந்து ஐந்து பேர் இறந்தார்கள். செத்த மரமும் சாய்கிற மரமும் பாதையோரத்தில் நிற்கக் கூடாது. அதில் எனக்கு வாதமே கிடையாது. ஆனால் எந்த மரம் சாகிறது என்று யார் பார்த்தார்கள்? அடியில் காளான் முளைத்திருக்கிறதா, சாய்வு புதியதா, வேரடி மண் வெடித்திருக்கிறதா, பட்டுப்போன கிளை எது என்று பார்க்க ஒரு கண் வேண்டும். அந்தக் கண் இல்லாத பயம், எல்லாத் தலைகளையும் ஒரே உயரத்தில் வெட்டுகிறது. வீட்டில் ஒருவருக்கு ஜுரம் என்றால் குடும்பத்தோடு ஆபரேஷன் செய்துகொள்வது போல.

"ஒரு மரம் போனால் பத்துக் கன்று வைக்கிறோமே!" என்பது அடுத்த சமாதானம். பாட்டியைத் திண்ணையில் பட்டினி போட்டுவிட்டு, "அதனால் என்ன, பத்துப் பேரக் குழந்தைகள் இருக்கிறார்கள்" என்று சொல்லும் குடும்பத்தை நாம் என்ன சொல்லுவோம்? கன்று வைத்தால் போட்டோ கிடைக்கும். மே மாதத்து மலர்க் கண்காட்சியில் பூக்களை அடுக்கி யானையும் கோட்டையும் செய்தால் கூட்டம் வரும். கிழட்டு மரத்தின் காய்ந்த கிளையை முறையாக இறக்கினால் யார் வந்து பார்க்கப் போகிறார்கள்?

செய்ய வேண்டியது பெரிய காரியம் ஒன்றுமில்லை. பாதையோரத்துப் பெரிய மரங்களுக்குக் கணக்கு எழுதுங்கள். மழைக்கு முன்பு ஒரு தரம், பின்பு ஒரு தரம் ஏறிப் பார்க்க ஆள் போடுங்கள். நிழல் மரம் ஏறிப் பழகிய கைகள் இந்த மலையிலேயே இருக்கின்றன. வெளியூரிலிருந்து கொண்டுவர வேண்டியதில்லை. அவர்களுக்குப் புடைப்பையும் அழுகலையும் காட்டிக் கொடுங்கள். பட்ட கிளை போகட்டும். பச்சைக் கிளை முடிந்தவரை இருக்கட்டும். உதிர்ந்த இலையைக் கூட்டிக் கொளுத்தாமல் வேரின் மேலேயே விட்டுவிடுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, கூலியைப் பணமாகக் கொடுங்கள், விறகாகக் கொடுக்காதீர்கள். கழித்த விறகு பஞ்சாயத்துக்குச் சேரட்டும். மரம் பட்டுப்போனால் பதில் சொல்ல வேண்டியவர் இன்னார் என்று ஏட்டில் ஒரு பெயர் இருக்கட்டும்.

கொட்டச்சேட்டுக் காப்பித் தோட்டத்துக்குள் நிழல் மரம் பிழைப்பது சட்டத்தினால் அல்ல, அது செத்தால் நஷ்டப்படுகிறவன் ஒருவன் இருப்பதனால். வேலிக்கு இந்தப் பக்கம் நிற்கும் மரத்தின் நஷ்டம் நம் எல்லோருக்கும் சொந்தம் என்கிறோம். எல்லோருக்கும் சொந்தமான நஷ்டத்தை எவனும் தன் கணக்கில் எழுதிக்கொள்வதில்லை. அதை எழுதிக்கொள்ள ஓர் ஆளைக் காட்டுங்கள். அதற்குப் பிறகு கன்று நடும் விழாவுக்கு என்னைக் கூப்பிடுங்கள்.