சொல்லும் அதன் வேலையும்

ஆங்கிலத்தில் 'ரவுண்ட்' என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். வட்ட மேசையைக் குறிக்கையில் அது பெயரடை. குத்துச்சண்டையின் ஒரு சுற்று என்கையில் பெயர். வண்டி தெருமுனையைச் சுற்றித் திரும்பினால் வினை. ஒருவர் பின்புறம் திரும்பினால் வினையடை. வீட்டைச் சுற்றிலும் வேலி என்றால் முன்னிடைச்சொல். வேலை ஐந்து, உருவம் ஒன்றே.

இதை ஆங்கிலத்தின் ஒழுங்கின்மை என்று எள்ளுவோர் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. பழைய ஆங்கிலத்தில் காதல் என்னும் பெயர் 'லுஃபு'; காதலித்தல் என்னும் வினை 'லுஃபியன்'. காலப்போக்கில் விகுதிகள் தேய்ந்து உதிர, இரண்டும் 'லவ்' என்றாயின. விகுதி உணர்த்தியதைச் சொல் நிற்கும் இடம் உணர்த்தலாயிற்று. தமிழைப்போல் சொற்களை முன்பின்னாக மாற்றிப்போடும் உரிமையை அம்மொழி பெரிதும் இழந்தது. ஈடாக, ஒரு சொல்லைப் பல வேலைகளுக்கு அமர்த்தும் உரிமையைப் பெற்றது.

இவ்வுரிமையை ஆங்கிலேயர் அனைவரும் விரும்பினர் என்றோ, அமெரிக்கர் விரும்பினர் என்றோ சொல்ல முடியாது. 'நோட்டீஸ்', 'அட்வகேட்', 'ப்ராக்ரஸ்' ஆகிய பெயர்களை வினைகளாக்குவதைக் கண்டித்து பெஞ்சமின் ஃப்ராங்க்ளின் 1789இல் அகராதியாளர் நோவா வெப்ஸ்டருக்குக் கடிதம் எழுதினார். இன்று அம்மூன்றும் எவரும் முகம்சுளிக்காத வினைகள். 2006இல் 'கூகுள்' ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியில் வினையாகவே இடம்பெற்றது.

தமிழுக்கும் இது முற்றிலும் அயலானதன்று. அடி, உதை, வெட்டு என வினைப்பகுதியே பெயராவதை முதனிலைத் தொழிற்பெயர் என்கிறோம். எதிர்த்திசையில்தான் வாசல் குறுகல். பூ பூக்கும், காய் காய்க்கும். ஆனால் பெரும்பாலான பெயர்கள் வினையாக 'செய்', 'படு', 'ஆக்கு' என ஏதேனும் ஒரு துணையை நாடவேண்டும்.

மொழிபெயர்ப்பாளர் இடறுவது இங்கேதான். ஷேக்ஸ்பியரின் 'ஆண்டனியும் கிளியோபாட்ராவும்' நாடகத்தில், ரோமாபுரி மேடையில் கீச்சுக்குரல் பையன் ஒருவன் தன்னைப்போல் நடிப்பான் என்று அஞ்சும் அரசி, 'பாய்' என்ற பெயரையே வினையாக்கிவிடுகிறாள். அன்றைய லண்டன் மேடையில் பெண் வேடங்களைப் பையன்களே ஏற்றனர். ஆகவே அதைப் பேசியவனே ஒரு பையன்! 'சிறுவன் நடிப்பான்' என்று தமிழில் எழுதினால் பொருள் வந்துவிடும். அவமானத்தின் சுருக்கென்ற வலி வராது. நம் பழைய நாடக மேடையின் 'ஸ்திரீபார்ட்' என்ற சொல் அங்கே கைகொடுக்கக்கூடும் என்பது என் எண்ணம். அகராதி தரும் நிகர்ச்சொல்லை அது விட்டு விலகலாம்; ஆனால் மூலச்சொல் செய்த வேலையைச் செய்யும். மொழிபெயர்ப்பில் நாம் முதலில் காப்பாற்ற வேண்டியது அதைத்தான்.