ஒரு குண்டு போதாதா? நாம் கேட்க வேண்டிய கேள்வி அதுவல்ல!



போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஒருவர் இறந்தார் என்ற செய்தி வந்தவுடன் நம்மிடையே இரண்டு கேள்விகள் எழுகின்றன. "காலில் சுட்டிருக்கக் கூடாதா?" என்பது ஒன்று. "ஓர் ஆளுக்கு இத்தனை குண்டுகளா?" என்பது மற்றொன்று. சவக்கிடங்கு வாசலில் நிற்கும் தாய் இதைத்தான் கேட்கிறார். காப்பிக் கடையில் பத்திரிகை படிக்கும் நாமும் இதைத்தான் கேட்கிறோம்.

நியாயமான கேள்விகள்தான். ஆனால், இவ்விரண்டுக்கும் போலீசாரிடம் பதில் தயாராக இருக்கிறது. அந்தப் பதிலில் உண்மையும் இருக்கிறது. அதை அறியாமல் வாதாடப் போனால் முதல் சுற்றிலேயே தோற்றுப் போவோம்.

சினிமா சொல்லும் பொய்

திரைப்படத்தில் கதாநாயகன் ஒரு முறை சுடுவான். வில்லன் பத்தடி பின்னால் பறந்து போய் விழுவான். நிஜத்தில் அப்படி நடப்பதில்லை. சுடுபவரின் கையைத் துப்பாக்கி எந்த அளவுக்குப் பின்னால் உதைக்கிறதோ, ஏறக்குறைய அந்த அளவுக்குத்தான் குண்டு பட்டவரையும் அது தள்ளும்.

1986 ஏப்ரல் 11-இல் அமெரிக்காவின் மையாமியில் எஃப்.பி.ஐ. அதிகாரிகள் எட்டுப் பேர், இரு வங்கிக் கொள்ளையர்களை மடக்கினர். சண்டையின் தொடக்கத்திலேயே கொள்ளையர்களில் ஒருவனுடைய கையைத் துளைத்த 9 மில்லிமீட்டர் குண்டு ஒன்று, நெஞ்சுக்குள் புகுந்து நுரையீரலைக் கிழித்தது. இதயத்துக்கு ஓர் அங்குலம் முன்னால் அது நின்றுவிட்டது. உயிர் பிழைக்க முடியாத காயம் என்று பின்னர் கருதப்பட்டது. ஆனால், அந்தக் காயத்துக்குப் பிறகுதான் அவன் இரண்டு அதிகாரிகளைச் சுட்டுக் கொன்றான். மேலும் ஐந்து அதிகாரிகள் அன்று காயமடைந்தனர். அவன் உடலில் மொத்தம் 12 குண்டுக் காயங்கள் இருந்தன. இரத்தத்தில் போதைப்பொருள் எதுவும் இல்லை.

இதன் பிறகு 1989-இல் எஃப்.பி.ஐ. பயிற்சிப் பிரிவு ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டது. கைத்துப்பாக்கிக் குண்டுக்கு ஆளை 'அடித்து வீழ்த்தும்' சக்தி இருக்கிறது என்பது கட்டுக்கதை என்று அது சொன்னது. மூளையிலோ கழுத்துத் தண்டுவடத்திலோ பட்டால் மட்டுமே ஒருவர் உடனே செயலிழப்பது உறுதி. இதயமே சிதைந்தாலும், மூளையில் மிச்சமிருக்கும் பிராணவாயுவைக் கொண்டு 10 முதல் 15 விநாடிகள் வரை அவர் இயங்க முடியும். ஆபத்து நீங்கும் வரை சுடும்படி போலீசாருக்குப் பயிற்சி தரப்படுவது இதனால்தான்.

காலில் சுட்டால்?

அசையும் காலைக் குறிபார்த்துச் சுடுவது எளிதல்ல. நியூயார்க் போலீசாரைப் பற்றி 2008-இல் வெளிவந்த ரேண்ட் ஆய்வின்படி, எதிராளியும் திருப்பிச் சுட்ட சம்பவங்களில் போலீஸ் சுட்ட குண்டுகளில் சுமார் 18 விழுக்காடே இலக்கில் பட்டன. மற்றவை எங்கே போயின? சுவரில், காரில், நடைபாதையில். அடுக்குமாடி வீடுகளும் பிள்ளைகளும் நிறைந்த ஓர் இடத்தை நினைத்துப் பாருங்கள்! தவிர, தொடையில் பெரிய இரத்தக்குழாய் ஓடுகிறது. அது அறுபட்டால் சில நிமிடங்களில் உயிர் போகும்.

அப்படியானால் போலீஸ் செய்வதெல்லாம் சரியா? இல்லை, வாசகர்களே. இதே அறிவியல்தான் நம் கேள்விகளைக் கூர்மையாக்குகிறது.

மூன்று கேள்விகள்

ஒன்று. கைத்துப்பாக்கி அளந்து அடிக்கும் பிரம்பு அல்ல. விசையை இழுத்த பிறகு எவ்வளவு காயம், எங்கே காயம் என்பது சுடுபவர் கையில் இல்லை. ஆகவே, விசாரிக்கப்பட வேண்டியது எத்தனையாவது குண்டு என்பதல்ல, முதல் குண்டு. சுட வேண்டிய அவசியம் இருந்ததா? எச்சரிக்கை கொடுக்கப்பட்டதா? நமது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 15-வது பிரிவு, ஆளைக் கைது செய்யத் தேவையான பலத்தைப் பயன்படுத்த அனுமதிக்கிறது. ஆனால் மரண தண்டனைக்கோ, மிக நீண்ட சிறைத் தண்டனைக்கோ உரிய குற்றம் சுமத்தப்படாத ஒருவரைக் கொல்லும் உரிமையை அது தரவில்லை. உயிரைக் காக்க வேறு வழியே இல்லாதபோது மட்டுமே உயிர்போகும்படி சுடலாம் என்று 1990-இல் ஐ.நா. ஏற்ற கோட்பாடுகளும் சொல்கின்றன.

இரண்டு. "ஆபத்து நீங்கும் வரை சுட்டோம்" என்றால், ஆபத்து எப்போது நீங்கியது? கடைசிக் குண்டு பாய்ந்தபோது அவர் நின்றுகொண்டிருந்தாரா, விழுந்து கிடந்தாரா? குண்டு எந்தப் பக்கத்திலிருந்து, எந்தக் கோணத்தில் நுழைந்தது? முதுகில் காயம் இருப்பது மட்டுமே கொலைக்குச் சான்று ஆகாது. கண்ணிமைக்கும் நேரத்தில் மனிதன் திரும்பிவிடுவான். ஆனால் காயங்கள், உடைகள், தோட்டா உறைகள் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் நடந்தது தெரியவரும்.

மூன்று. குண்டு பட்டவர் உடனே இறப்பதில்லை என்றால், அவரைக் காப்பாற்றவும் சில நிமிடங்கள் இருக்கின்றன. அந்த நிமிடங்களில் யார் என்ன செய்தார்கள்? காயத்தை அழுத்திப் பிடித்தார்களா? ஆம்புலன்ஸ் எத்தனை மணிக்கு அழைக்கப்பட்டது? இந்தக் கேள்வியை நாம் கேட்பதே இல்லை!

யாருக்கும் நேரலாம்

2010 ஏப்ரல் 26 அதிகாலையில் ஷா ஆலாமில் காரோட்டிச் சென்ற 14 வயது மாணவன் போலீஸ் சூட்டில் இறந்தான். பாய்ந்தது கைத்துப்பாக்கிக் குண்டு அல்ல, இயந்திரத் துப்பாக்கிக் குண்டு. காரில் பாராங் இருந்ததாகப் போலீஸ் சொன்னது. சுட்ட போலீஸ்காரருக்கு 2011-இல் ஐந்தாண்டுச் சிறை விதிக்கப்பட்டது. 2012-இல் உயர் நீதிமன்றம் அவரை விடுவித்தது. அந்தச் சிறுவன் மலாய்க்காரன். இது ஓர் இனத்தின் பிரச்சினை மட்டுமல்ல என்பதற்காகவே இதைச் சொல்கிறோம். ஆனால் வழக்கறிஞரைத் தேட வசதியில்லாத வீட்டில் சாவு விழும்போது, கேள்விகள் பிணத்தோடு சேர்ந்து புதைகின்றன. அந்த வீடுகளில் நம் வீடுகளும் இருக்கின்றன.

போலீசாரை விசாரிக்க ஐ.பி.சி.எம்.சி. என்ற சுயேச்சை ஆணையம் வேண்டும் என்று அரச விசாரணை ஆணையம் 2005-இல் பரிந்துரைத்தது. 2023 ஜூலையில் நமக்குக் கிடைத்ததோ ஐ.பி.சி.சி. அது விசாரித்துப் பரிந்துரைக்கலாம். தானே தண்டிக்க முடியாது.

ஆகவே, உங்கள் உறவினருக்கோ அண்டை வீட்டாருக்கோ இந்தத் துயரம் நேர்ந்தால், உடனே ஒரு வழக்கறிஞரை நாடுங்கள். அவசரப்பட்டுத் தகனம் செய்யாதீர்கள். சவப்பரிசோதனை அறிக்கையைக் கேளுங்கள்; ஐயம் இருந்தால் இரண்டாவது பரிசோதனை கோருங்கள். உடைகளைத் துவைக்காமல் அப்படியே வையுங்கள். பார்த்தவர்கள் சொல்வதை அன்றே எழுதி வாங்குங்கள். மரண விசாரணை நடத்தும்படி சட்டத்துறைத் தலைவருக்குக் கடிதம் எழுதுங்கள்.

"ஏன் இத்தனை குண்டுகள்?" என்றால் அவர்களிடம் பதில் இருக்கிறது. "முதல் குண்டு ஏன்? கடைசிக் குண்டு எப்போது? அதன் பிறகு என்ன செய்தீர்கள்?" என்று கேளுங்கள். அதற்குப் பதில் சொல்லும் கடமை அவர்களுக்கு இருக்கிறது. கேட்கும் உரிமை நமக்கு இருக்கிறது.