அரம் பட்ட நாக்கு
நண்பர் ஒருவர் மேசையில் செய்தித்தாளை விரித்து, லென்ஸின் குவியத்தூரத்தைக் கூட்டும், கீறல் படாத நிக்கான் டெலிகன்வர்ட்டரை அரத்தால் ராவிக்கொண்டிருந்ததைப் பார்த்து என் நெஞ்சு பதறிவிட்டது. அவர் ராவியது, லென்ஸ் மாட்டும் வளையத்தில் துருத்தி நிற்கும் ஒரு சின்ன நாக்கை. ஏஎஃப்-ஐ, ஏஎஃப்-எஸ் லென்ஸ்களைத் தவிர வேறெதுவும் பொருந்தாதபடி நிறுவனமே வைத்த தடுப்பு அது. 1959இல் வந்த நிக்கானின் எஃப் லென்ஸ் மவுண்ட்டின் அடிப்படை வடிவம் மாறவேயில்லை. அதனால் நாக்கு போனதும், கையால் ஃபோகஸ் செய்யும் அவருடைய பழைய 300 மி.மீ. லென்ஸ் சிக்கென்று உட்கார்ந்து 420 மி.மீ. ஆகிவிட்டது. பதிலுக்கு ஒரு ஸ்டாப் வெளிச்சம் போகிறது, போகட்டும். நல்ல கண்ணாடியை அலமாரியில் பூட்டிவைக்க மறுக்கும் அந்தப் பிடிவாதம் எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் அந்த நாக்கை வெறும் வியாபாரத் தந்திரம் என்று நான் சொல்லமாட்டேன். டெலிகன்வர்ட்டரின் முன்கண்ணாடி சற்று நீட்டிக்கொண்டிருக்கும். பின்கண்ணாடி விளிம்புவரை வந்திருக்கும் லென்ஸை மாட்டினால் கண்ணாடியும் கண்ணாடியும் மோதும். கேனன் இஎஃப் கேமராவில் நிக்கான் லென்ஸை மாட்ட அடாப்டரைத் திருத்துபவர்களுக்கும் மில்லிமீட்டர் கணக்குதான்: லென்ஸ் மவுண்ட்டிலிருந்து சென்சார்வரை நிக்கானுக்கு 46.5 மி.மீ., கேனனுக்கு 44; நடுவே கிடைப்பது வெறும் 2.5 மி.மீ. அடாப்டர் வளையம் அதைவிடத் தடித்தால் தொலைவிலுள்ள மலை ஃபோகஸுக்கே வராது. ஆகவே அரத்தைத் தொடுமுன் வெர்னியரால் அளந்துவிடுங்கள்; இருபுறமும் டேப் ஒட்டிக் கண்ணாடியை மூடுங்கள். உலோகத்தூள் ஒரு துகள்கூட உள்ளே போகக் கூடாது.