கரிக்குக் கப்பல், வெங்காயத்துக்கு லாரி

கப்பலூர்ச் சுங்கச்சாவடியைப் பற்றிப் பேசாதார் மதுரையில் இல்லை. திருமங்கலத்து மக்கள் கட்டண விலக்குக் கேட்டு ஆண்டுக்கணக்கில் போராடி வந்தனர், அது நியாயமே. ஆனால் அச்சாவடி வழியே இரவும் பகலும் வரிசை கட்டிச் செல்லும் சரக்கு லாரிகளைக் குறித்து நாம் வாய் திறப்பதில்லை. இவ்வளவு சரக்கும் சாலை வழியேதான் போக வேண்டுமா?

நாடு விடுதலை பெற்ற புதிதில் சரக்கில் 80 விழுக்காட்டுக்கு மேல் ரயிலில் சென்றது. இன்று மூன்றில் ஒரு பங்கு செல்வதே அரிது. அதே எடையை அதே தூரம் கொண்டுசெல்ல லாரி கக்கும் கரியமில வாயுவில் பாதிகூட ரயிலுக்கு ஆகாது. இரும்புச் சக்கரம் இரும்புப் பாதையில் உருளும்போது தடை குறைவு. கட்டை வண்டி ஓட்டியவருக்கும் விளங்கும் உண்மை இது. கப்பலின் கணக்கும் ஏறத்தாழ இதுவே. தில்லிக்கும் இது தெரியும். ரயிலின் பங்கை 2030க்குள் 45 விழுக்காடாக உயர்த்த வேண்டுமென 2020இன் தேசிய ரயில் திட்டம் எழுதிவைத்தது. சரக்குக்கென்றே இரு தனிப்பாதைகள் போடப்பட்டன. இரண்டும் தமிழகத்தைத் தொடவில்லை.

இதிலொரு வேடிக்கை உண்டு. ஒரிசாவின் தால்ச்சேர்ச் சுரங்கத்து நிலக்கரி ரயிலில் பாரதீப் துறைமுகம் சென்று, அங்கே கப்பலேறித் தூத்துக்குடி அனல்மின் நிலையத்துக்கு வந்து சேர்கிறது. புவியைச் சூடாக்குவதில் முதலிடம் பெற்ற பொருளுக்குப் புகை குறைந்த பயணம்! நாசிக்கிலிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் கடந்து மதுரைக்கு வரும் வெங்காயத்துக்கோ லாரி.

காரணம் எளிது. கரிக்கு உரிமையாளர் ஒருவர். சரக்கோ ஆயிரக்கணக்கான டன். முழு ரயிலையும் நிரப்புகிறவரையே ரயில்வே விரும்புகிறது. ஒரு பெட்டிச் சரக்கு, அரைப்பெட்டிச் சரக்கு என்று வந்த சிறு வணிகரை 1980களிலிருந்தே அது படிப்படியாகக் கைவிட்டது. கீழமாசி வீதியின் மொத்த வியாபாரி முழு ரயிலுக்கு எங்கே போவார்? லாரிக்காரர் கடைவாசலுக்கே வருகிறார். இன்ன நாளில் சேரும் என்று சொல்கிறார். சரக்கு ரயில் எப்போது வருமென்று யாரால் சொல்ல முடிகிறது? வணிகரைக் குறைகூற நமக்கு மனமில்லை.

வெங்காயம் ரயிலேறாது என்பாரும் உளர். 2020 ஆகஸ்டில் நாசிக்கை அடுத்த தேவ்லாலியிலிருந்து பீகாரின் தானாப்பூருக்கு முதல் கிசான் ரயில் புறப்பட்டது. காய்கனிகளின் கட்டணத்தில் பாதியை அரசே ஏற்றது. பல ஊர்களில் பலருடைய மூட்டைகளை ஏற்றிச் செல்வதே அதன் முறை. ஆகவே முடியாதது ஒன்றுமில்லை, மனந்தான் இல்லை.

தூரம் குறைந்த இடத்தில் லாரியே தகும் என்பதை ஒப்புக்கொள்கிறோம். மதுரையிலிருந்து தூத்துக்குடிக்குச் சில மூட்டைகளை அனுப்ப இருமுறை ஏற்றி இருமுறை இறக்குவது வீண்செலவு. நாம் கேட்பது நெடுந்தூரச் சரக்கை. நம் பங்குகளிலும் லாரி ஓட்டிப் பிழைக்கும் குடும்பங்கள் பல. அவர்கள் சோற்றில் மண் போடவா இந்த யோசனை? அல்ல. ரயில் நிலையத்திலிருந்து கடைக்கும் ஆலைக்கும் சரக்கைச் சேர்க்க என்றும் லாரி வேண்டும். அந்த ஓட்டுநர் இரவில் தம் வீட்டில் உறங்குவார். மாதத்தில் பாதி நாள் பிள்ளைகள் முகம் காணாமல் மகாராட்டிரச் சாலையோரத்தில் படுத்துக்கிடக்க வேண்டியதில்லை.

காலதாமதத்துக்கும் விலை உண்டு. போடி ரயில்பாதை அகலப்படுத்துவதற்காக 2010 இறுதியில் மூடப்பட்டது. போடிக்கு ரயில் மீண்டும் வந்தது 2023 ஜூனில். பன்னிரண்டு ஆண்டுகள் சாலையையே பழகிவிட்ட வணிகர், தண்டவாளத்தைக் கண்டதும் தாமாகத் திரும்பி வருவாரா? அழைக்க வேண்டும், சலுகை தர வேண்டும்.

மதுரை–தூத்துக்குடிப் பாதை இன்று இரட்டைப் பாதை, மின்சாரமும் வந்தாயிற்று. கூடல்நகரில் சரக்குக் கொட்டகை இருக்கிறது. சிறு வணிகர் பலரின் சரக்கைச் சேர்த்து, குறித்த கிழமையில், குறித்த நேரத்தில் புறப்படும் ஒரு வண்டியை அங்கிருந்து விடுவது மலையைப் பெயர்க்கும் காரியமன்று. கேட்பார்தான் இல்லை. தேர்தல்தோறும் நம்மிடம் வருவோரிடம் நாம் கேட்பதெல்லாம் சென்னைக்கு இன்னுமோர் இரவு வண்டியே.