பாசியில் மாட்டுத் தீவனம், டீசல்... தாமிரபரணிக் கரையில் சாத்தியமா?

பிண்ணாக்கு விலை ஏறும்போதெல்லாம் ஒரு பேச்சு திரும்ப வருகிறது. புறவாசலில் தொட்டி கட்டிப் பாசி வளர்த்தால் தீவனச் செலவு மிச்சம், ஏக்கர் கணக்கில் வளர்த்தால் டீசலே எடுக்கலாம் என்று. பாபநாசம் முதல் புன்னைக்காயல் வரை தண்ணீரும் இருக்கு, வெயிலுக்கும் பஞ்சமில்லை. அப்புறம் நெல்லையில் ஏன் முடியாது? வளர்க்க முடியும். கணக்குதான் இடிக்கிறது.

அசோலா பாசியா?

இல்லை. அது தண்ணீரில் மிதக்கும் பெரணிச் செடி. அதன் இலைக்குள் குடியிருக்கும் நீலப்பச்சைப்பாசிதான் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துக் கொடுக்கிறது. உலர்ந்த அசோலாவில் 20 முதல் 30 சதவீதம் புரதம் உண்டு. இதில் 'உலர்ந்த' என்ற சொல்லைத்தான் யூடியூப் வீடியோக்கள் பல விழுங்கிவிடுகின்றன. தொட்டியிலிருந்து அள்ளிய அசோலாவில் 90 சதவீதத்துக்கு மேல் தண்ணீர். தினமும் 2 கிலோ போட்டால் மாட்டுக்குச் சேரும் புரதம் சுமார் 30 கிராம். பத்து லிட்டர் கறக்கும் மாட்டுக்குத் தேவையோ தினமும் ஒரு கிலோவுக்கு மேல். கடலைப் பிண்ணாக்கு ஒரு கிலோவில் 400 கிராமுக்குக் குறையாமல் கிடைத்துவிடும். அசோலா வேஸ்ட் என்று அர்த்தமில்லை, தாது உப்பும் வைட்டமினும் கிடைக்கும். ஆனால் அதை நம்பிப் பிண்ணாக்கை நிறுத்தினால் பால் குறையும்.

சரி, சுருள்பாசி?

ஸ்பைருலினா எனப்படும் இதில் புரதம் 55 முதல் 70 சதவீதம். திறந்தவெளித் தொட்டியில் ஒரு சதுர மீட்டருக்கு நாளொன்றுக்குச் சுமார் 10 கிராம் காய்ந்த பாசி கிடைக்கும். ஒரு கிலோவுக்கு 100 சதுர மீட்டர், அதாவது ஏறக்குறைய இரண்டரை சென்ட் தொட்டி வேண்டும். சோடா உப்பு, உரம், கலக்கிக்கொண்டே இருக்க மின்சாரம், வடிகட்டிக் காயவைக்க ஆள் என்று செலவு தனி. புதுக்கோட்டை மாவட்டம் ஊனையூரில் பாரி நிறுவனம் இதைப் பெரிய அளவில் வளர்க்கிறது. அங்கே விளைவது மனிதர்களுக்கான ஊட்டச்சத்து மாத்திரையாகவும் பொடியாகவும் போகிறது. கிலோ பல நூறு ரூபாய்க்கு விற்கும் பொருளை யார் மாட்டுக்குப் போடுவார்கள்?

டீசல் கனவு

காகிதத்தில் பாசி அசத்துகிறது. மேலே சொன்ன அதே வேகத்தில் ஒரு ஹெக்டேரில் ஆண்டுக்கு 36 டன். அதில் ஐந்தில் ஒரு பங்கு எண்ணெய் என்றாலும் 7 டன். ஒரு காலத்தில் ஆஹா ஓஹோ என்று பேசப்பட்ட காட்டாமணக்கு இதற்குப் பக்கத்தில்கூட வராது. சிக்கல் அறுவடையில். ஒரு லிட்டர் தொட்டித் தண்ணீரில் பாசி அரை கிராம், மிஞ்சினால் ஒரு கிராம். அரை கிலோ பாசிக்கு ஒரு டன் தண்ணீரை வடிகட்ட வேண்டும். கிடைக்கும் எரிபொருளின் பெரும்பகுதியை இந்த வேலையே தின்றுவிடுகிறது.

அமெரிக்க அரசு 1978 முதல் 1996 வரை ஆராய்ச்சி செய்துவிட்டு நிறுத்தியது. எக்ஸான் மொபில் 2009-ல் 60 கோடி டாலர் வரை செலவிடுவதாக அறிவித்து இறங்கியது. 2023-ல் அதுவும் விலகிய செய்தி வந்தது. இந்தியாவின் 2018 உயிரி எரிபொருள் கொள்கையிலும் பாசிக்கு இடம் உண்டு. ஆனால் பங்க்கில் பாசி டீசல் இன்னும் வரவில்லை.

எந்தத் தண்ணீர்?

நெல்லைக்கு முக்கியமான கேள்வி இதுதான். தீவனப் பாசிக்குச் சுத்தமான தண்ணீர் வேண்டும். ஆழமில்லாத தொட்டியில் அது வெயிலில் ஆவியாகிக்கொண்டே இருக்கும். பிசானத்துக்கும் குடிநீருக்கும் போட்டி நடக்கும் ஆற்றிலிருந்து அதை எடுப்பது நியாயமா?

எரிபொருளுக்கான பாசிக்கு நல்ல தண்ணீர் தேவையில்லை. மாநகரிலிருந்து ஆற்றில் கலக்கும் சாக்கடையில் இருக்கும் நைட்ரஜனும் பாஸ்பரஸும் அதற்கு உரம். தண்ணீரைச் சுத்தமாக்கும் செலவு எப்படியும் செய்ய வேண்டியது என்பதால், பாசி அங்கே உபரி வரவு. ஆனால் பாசி கன உலோகங்களையும் உறிஞ்சிக்கொள்ளும். சாக்கடையில் வளர்த்ததை மாட்டுக்குப் போட்டால் பால் வழியாக வீட்டுக்கே வரக்கூடும். அதைச் சாண எரிவாயுக் கலனில் போடலாம், தீவனத் தொட்டியில் கூடாது. 'ஒரே குளம், தீவனமும் டீசலும்' என்று விற்க வருபவரிடம் முதலில் கேட்க வேண்டியது, எந்தத் தண்ணீரில் வளர்ப்பீர்கள் என்பதைத்தான்.

ஆற்றுத் தண்ணீரே வேண்டாத பாசியும் இந்தப் பக்கம் இருக்கு. தூத்துக்குடி உப்பளப் பாத்திகள் சில நேரம் இளஞ்சிவப்பாக மாறக் காரணமான உயிர்களில் ஒன்று டுனாலியெல்லா என்ற நுண்பாசி. அதிலுள்ள பீட்டா கரோட்டினுக்கு உலகச் சந்தையில் நல்ல விலை. இறால் குஞ்சுப் பொரிப்பகங்களிலும் நுண்பாசிதான் முதல் சாப்பாடு. அங்கே அதற்கு மாற்று கிடைப்பது கஷ்டம் என்பதால் செலவைப் பார்க்காமல் வளர்க்கிறார்கள்.